பக்கவிளைவே இல்லாத வேர்ச்சாறு

மூத்த மாப்பிள்ளைக்குக் குடும்பத்தில் 'ஆராய்ச்சி' என்று பெயர். அவர் எதிரில் இருக்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் கை கழுவப் போய், குழாய்ச் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயைச் சீக்கிரம் மூடிவிட்டதில் அந்தப் பெயர் அவர் காதிலேயே விழுந்தது. மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசியில் இந்த வீட்டுக்காரர்களுக்கும் தன் அருமை புரிந்துவிட்டது என்று துண்டில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

முப்பது வருடம் ஒரு பெரிய அலுவலகத்தில் எழுதுபொருள் வாங்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் அவர். மை, கோந்து, குண்டூசி எதுவாக இருந்தாலும் அவர் பார்த்துத் தலையசைத்தால்தான் அலுவலகத்துக்குள் வரும். ஒரு குண்டூசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவேன் என்பார். சொல்லியும் இருக்கிறார். அப்படிப்பட்ட கண் ஓய்வு பெற்ற மறுநாள் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் திரும்பியது. முதலில் வீட்டுத் தண்ணீரைச் சோதித்தார். பிறகு அதைச் செம்புப் பானையில் ஊற்றிச் சோதித்தார். பிறகு பின்புறமாக நடந்தால் ரத்த ஓட்டம் சீராகும் என்று மொட்டைமாடியில் பின்புறமாக நடந்து, காய்ந்துகொண்டிருந்த துணிகளோடு சேர்ந்து விழுந்தார்.

அப்படி விழுந்த பிறகுதான் வேர் வந்தது.

விழுந்த கதையை வீடு வீடாகச் சொன்னதில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூலிகைக் கடைக்காரர் ஒரு துண்டு அதிமதுர வேரைக் கொடுத்து, "வாயில அடக்கிக்கங்க" என்றார். அடக்கிக்கொண்டார். மறுநாள் குரல் திறந்தது. கடைக்காரர் சொன்னதும் உண்மை, தொண்டை சரியானதும் உண்மை. அவர் அத்தோடு விட்டிருந்தால் ஊரில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒரு துண்டு வேர் ஒரு தொண்டையைத் திறக்குமென்றால், ஒரு கிலோ வேர் எதையெல்லாம் திறக்கும் என்று ஆராய்ச்சி யோசித்தார். அன்று முழுக்கக் கைபேசியில் படித்தார். தொண்டை, வயிற்றுப் புண், இருமல் என்று நியாயமாகத் தொடங்கிய பட்டியல் சாயங்காலத்துக்குள் முழங்கால், ஞாபகசக்தி, தலைமுடி, மன அமைதி என்று உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

"மூவாயிரம் வருஷமா ஜனங்க இதைச் சாப்பிடறாங்க, தெரியுமா?" என்றார் மனைவியிடம்.

"மூவாயிரம் வருஷமா ஜனங்க செத்துக்கிட்டும்தானே இருக்காங்க" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

குக்கரில் வேரைப் போட்டு, கொதிக்கவைத்து, வடிகட்டி, மறுபடி கொதிக்கவைத்து, தார் மாதிரி கறுத்துக் கெட்டியான ஒரு சாற்றை இறக்கினார். அந்தக் குக்கரில் அதற்குப் பிறகு எதைச் சமைத்தாலும் லேசாக இனித்தது. மருந்துக் கடையிலிருந்து பழுப்பு நிறச் சீசாக்கள் வாங்கினார். பெயர்ச்சீட்டும் அச்சடித்துவிட்டார்: 'வேர்ச்சாறு. நூறு சதவீதம் இயற்கை. பக்கவிளைவே இல்லை.'

மனைவி சீட்டைப் படித்தாள். "இன்னும் ஒருத்தர்கூட குடிக்கலையே. பக்கவிளைவு இல்லைன்னு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் இனிமே நிரூபிக்கப் போறேன்."

"ஓ, முதல்ல முடிவை ஒட்டிடுவீங்க, ஆராய்ச்சி அப்புறமா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீயும் ஒரு சீசா எடுத்துக்கோ."

*

சோதனைக்கு ஆள் தேட அவர் வெளியே போகவில்லை. மாமனார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எதற்கு இருக்கிறது?

மாமனார் தன் இளைய மகளோடு இருந்தார். அந்த மகளின் கணவர், அதாவது ஆராய்ச்சிக்குச் சகலை, லிஃப்ட் பழுது பார்ப்பவர். நகரத்தில் பாதி லிஃப்ட்டுகள் அவர் கைபட்டு ஓடின. அவர் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் மட்டும் மாதக்கணக்கில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது. வீடு மூன்றாவது மாடியில். ஆக, அந்தக் குடும்பத்தில் பசியோடு வராதவர்களும் மேலே வந்து சேர்வதற்குள் பசியோடு இருப்பார்கள்.

மாமனார் ஒரு காலத்தில் தொலைதூர லாரி ஓட்டியவர். வழியில் உள்ள ஒவ்வொரு டீக்கடையிலும் நிறுத்தி, டீ மறையுமளவு சர்க்கரை போட்டுக் குடித்தவர். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், அதோடு ஒரு நீர் மாத்திரையும் எழுதிய டாக்டர், சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று இனிப்பையும் நிறுத்திவிட்டார். "அம்மா போனப்பகூட அப்பா இவ்வளவு உடைஞ்சு போகலை" என்பாள் இளைய மகள்.

அன்று சாப்பாடு முடிந்ததும் ஆராய்ச்சி எழுந்து, தொண்டையைச் செருமி, ஆளுக்கொரு சீசா கொடுத்தார். மனைவிக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கொழுந்தியாளுக்கு ஒன்று. சகலைக்கு ஒன்று. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் மச்சானுக்கு ஒன்று.

"தினமும் காலையில ஒரு சின்ன ஸ்பூன். ஒரு மாசம். வாராவாரம் நான் விசாரிப்பேன். நல்லது கெட்டது ரெண்டையும் மறைக்காம சொல்லணும்."

"அத்தான், நான் தினம் கத்துக்குட்டிங்க பக்கத்துல உட்கார்றவன். எனக்கு வேற எந்தப் பக்கவிளைவுக்கும் பயமே இல்லை" என்றான் மச்சான்.

"எனக்கு?" என்றார் மாமனார், சாய்வு நாற்காலியிலிருந்து.

ஆராய்ச்சி கையை உயர்த்தினார். "மாமா, நீங்க மாத்திரை சாப்பிடறவர். மாத்திரை சாப்பிடறவங்களை நான் சோதனையில சேர்க்கலை. அது ஒழுங்கு இல்லை. நீங்க அடுத்த கட்டத்துல."

இது ஒன்றை அவர் சரியாகத்தான் செய்தார். பின்னால் நடந்ததையெல்லாம் பார்க்கும்போது இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

"அப்ப நீங்க, அண்ணே?" என்று கேட்டார் சகலை. "நீங்களும் குடிப்பீங்கல்ல?"

"ஆய்வு பண்றவன் அதுல கலந்துக்கக் கூடாது தம்பி. நடுநிலைமை போயிடும்."

சகலை சீசாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லிஃப்ட்டுலகூட இத்தனை பேருக்கு மேல ஏறாதீங்கன்னு எழுதியிருக்கும். இதுல அதிகபட்சம் எவ்வளவுன்னு எழுதலையே?"

"இது இயற்கை, தம்பி. இதுக்கு அளவு கிடையாது" என்றார் ஆராய்ச்சி, ஒரு ஸ்பூன் என்று தானே சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகாத நிலையில்.

*

வாராவாரம் விசாரணை நடந்தது. முடிவுகள் ஆராய்ச்சியே எதிர்பார்க்காத அளவுக்குப் பிரமாதமாக இருந்தன.

"எப்படி இருக்கு மச்சான்?"

"முழங்கால் வலி சுத்தமா இல்லை அத்தான்."

"முன்னாடி இருந்துச்சா?"

"முன்னாடியும் இல்லை. ஆனா இப்ப இல்லாம இருக்கறது இன்னும் நல்லா இருக்கு."

கொழுந்தியாள் தனக்கு முடி கொட்டுவது நின்றுவிட்டது என்றாள். சகலைக்குத் தூக்கம் கூடியிருந்தது. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே செய்து காட்டினார். மனைவி மட்டும், "எனக்கு எப்பவும் போலத்தான் இருக்கு" என்றாள். அதுவும் ஆராய்ச்சிக்குத் திருப்தி. எல்லாருக்கும் அற்புதம் நடந்தால் கேட்பவர்கள் சந்தேகப்படுவார்கள்; நடுவில் ஒருத்தருக்கு ஒன்றும் நடக்காமல் இருப்பது ஆய்வுக்கு ஒரு கௌரவம்.

"பக்கவிளைவு?" என்று ஒவ்வொரு வாரமும் கடைசியாகக் கேட்பார்.

"ஒண்ணுமே இல்லை" என்று நாலு குரலும் ஒன்றாக வரும். குறிப்பாக இந்தக் கேள்விக்கு யாரும் ஒரு கணம்கூட யோசித்ததில்லை.

சீசா காலியாகிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று கேட்டவர்களும் உண்டு. ஆராய்ச்சி உச்சி குளிர்ந்து போனார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவரிடம் யாரும் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

இதற்கிடையில் மாமனார் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒட்டிப்போயிருந்த கன்னம் உப்பி, பளபளவென்று இருந்தது.

"மாமா முகத்துல ஒரு களை வந்திருக்கு, கவனிச்சியா?" என்றார் மனைவியிடம். "சாறு குடிக்கறவங்களோட ஒரே வீட்டுல இருக்கறதுக்கே இப்படி."

மாமனாருக்குக் களை காலிலும் வந்திருந்தது. செருப்பு வார் பிடிக்கவில்லை. சாயங்காலமானால் கணுக்கால் மாவு மாதிரி அமுங்கியது. மாடிப்படி ஏறும்போது நிற்காத லாரி டிரைவர் இப்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மாத்திரையைக் கூட்டினார். அடுத்த முறை இன்னும் ஏறியிருந்தது, இன்னும் கூட்டினார். "வயசாச்சுல்ல" என்றார்கள் எல்லாரும். அந்த ஒரு வார்த்தை அந்தக் குடும்பத்தில் டாக்டரைவிட அதிகம் வேலை செய்தது.

ஆராய்ச்சிக்கு இதைக் கவனிக்க நேரமில்லை. பக்கத்துத் தெரு முதியோர் சங்கத்தின் செயலாளர் அவரைப் பேச அழைத்திருந்தார். போன மாதம் அங்கே 'சரியாக மூச்சு விடுவது எப்படி' என்று ஒருவர் பேசியிருந்தார். கேட்க வந்தவர்கள் அதுவரை எப்படியோ சமாளித்து வந்திருந்தார்கள். இந்த மாதம் 'வேரில் இருக்கிறது வாழ்வு'. ஆராய்ச்சி குக்கரை இரவு பகலாக ஓடவிட்டு, சங்க உறுப்பினர்கள் எல்லாருக்கும் சாறு இறக்கினார். கூட்டத்துக்கு முதல் நாளே சீசாக்களைக் கொண்டுபோய், நாற்காலிக்கு ஒன்று என்று தானே வைத்துவிட்டு வந்தார். வரிசையாக நின்ற சீசாக்களைக் கதவருகில் நின்று பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது. குண்டூசி எதுவும் அவருக்கு இந்தச் சுகத்தைக் கொடுத்ததில்லை.

*

கூட்டத்தன்று காலையில் கொழுந்தியாளிடமிருந்து போன் வந்தது. மாமனாரால் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. கால் இருக்கிறது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சு வேறு 'கியர் மாறாத வண்டி மாதிரி' இழுக்கிறது என்கிறார்.

லிஃப்ட் ஓடாத மூன்றாவது மாடியிலிருந்து அவரை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். முன்னால் சகலை, பின்னால் மச்சான். ஒவ்வொரு படியிலும் மச்சான், "லிஃப்ட் மெக்கானிக்குன்னு வெளியில சொல்லிக்காதீங்க, அக்கா புருஷன்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்று முனகிக்கொண்டே வந்தான்.

ஆராய்ச்சியும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாமனாரின் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன, கையில் ஊசி ஏறியிருந்தது. டாக்டரம்மாவுக்கு ஆராய்ச்சியின் மூக்குக் கண்ணாடியைவிட வயது குறைவாக இருக்கும் போலிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அழுத்தம் ரொம்ப அதிகம். ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கம்மி. அதனாலதான் காலுக்குப் பலமில்லை, இதயத் துடிப்பும் தப்புது" என்றார் டாக்டரம்மா. "இதை லேசா எடுத்துக்காதீங்க. இப்படியே விட்டிருந்தா இதயம் நின்னே போயிருக்கும். பொட்டாசியம் ஏத்திக்கிட்டிருக்கோம். ஆனா ஏன் இறங்குதுன்னு தெரியாம நான் எவ்வளவு ஏத்தினாலும் ஓட்டைக் குடத்துல ஊத்தற மாதிரிதான். மாத்திரை தவிர வேற ஏதாவது சாப்பிடறாரா? கஷாயம், நாட்டு மருந்து, வேர்?"

மச்சான் கூரையைப் பார்த்தான். சகலை மின்விசிறியைப் பார்த்தார். அவர் தொழில் சம்பந்தப்பட்ட எதுவும் அதில் இல்லை. கொழுந்தியாள் தன் காலைப் பார்த்தாள்.

ஆராய்ச்சி மட்டும் ஒரு அடி முன்னால் வந்தார். வேர் என்ற வார்த்தை அவரைத் தொட்டுவிட்டது.

"டாக்டர், அதுதான் இதுல வேடிக்கையே. இந்தக் குடும்பத்துல எல்லாரும் என் வேர்ச்சாறு குடிக்கறாங்க. இவர் ஒருத்தர்தான் குடிக்கலை. பாருங்க, குடிச்சவங்க எல்லாம் நிக்கறாங்க. குடிக்காதவர் படுத்திருக்கார்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "என்ன வேர்?"

"அதிமதுரம். கெட்டியா இறக்கினது. நூறு சதவீதம் இயற்கை."

"அதிமதுரத்தை அளவுக்கு மேல சாப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஒண்ணும் ஆகாது. சோதனை பண்ணியாச்சு."

"உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்கும். முகம் உப்பும், கால் வீங்கும், அழுத்தம் ஏறும். பொட்டாசியம் வெளியே போயிடும், கால் துவளும். ஏற்கெனவே நீர் மாத்திரை சாப்பிடறவங்கன்னா ரெண்டு மடங்கு ஆபத்து. இப்ப இவரைப் பாருங்க."

ஆராய்ச்சி பார்த்தார். களை என்று தான் சொன்ன கன்னத்தைப் பார்த்தார்.

"ஆனா இவர் குடிக்கலையே! நாலு பேர் ஒரு மாசம் குடிச்சாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. நீங்களே கேளுங்க!"

டாக்டரம்மா கேட்டார். கேள்வி எளிமையானது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அதை அந்த மாதிரி கேட்டதில்லை. "எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டிருந்தார்கள்.

"குடிச்சீங்களா?"

மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தான். "அத்தான்... நீங்க இவ்வளவு ஆசையா கொடுத்தீங்க, வேண்டாம்னு சொல்ல மனசு வரலை. அப்பா கேட்டாரு. ஒரு சீசாதானேன்னு கொடுத்துட்டேன்."

"நீயா?" என்றாள் கொழுந்தியாள் தம்பியைப் பார்த்து. "நானும்தாண்டா கொடுத்தேன்! நான் மட்டும்தான் கொடுத்தேன்னு நினைச்சேன்!"

"அப்ப உன் முடி?" என்றார் ஆராய்ச்சி.

"அது எப்பவுமே கொட்டினதில்லை அத்தான்."

எல்லாரும் சகலையைப் பார்த்தார்கள். சகலை மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "நானும்தான். வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும்போது தூக்கிப் போடறதுக்கு மனசு வரலை அண்ணே. நீங்க சொன்னதுதானே, இதுக்கு அளவு கிடையாதுன்னு" என்றார்.

ஆராய்ச்சி கடைசி நம்பிக்கையாக மனைவி பக்கம் திரும்பினார். எப்பவும் போல இருக்கிறது என்று சொன்ன நேர்மையான மனைவி.

"குடிக்காதவளுக்கு எப்பவும் போலத்தானே இருக்கும்?" என்றாள் அவள். "பொய்யா சொன்னேன்? அப்பா ஒரு வருஷமா இனிப்பில்லாம வாடிக்கிட்டிருந்தாரு. சர்க்கரையும் இல்லை, ஆனா தித்திக்குதுன்னாரு. நல்லதுதானேன்னு..."

படுக்கையிலிருந்து மாமனார் கண்ணைத் திறந்தார். "அவங்களைத் திட்டாதீங்க மாப்பிள்ளை. நாந்தான் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கேட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னேன். டீயில ஊத்திக்கிட்டேன். ரொட்டியில தடவிக்கிட்டேன். சும்மாவும் நக்கினேன்." சற்று மூச்சு வாங்கினார். "உங்க கையில ஒரு பக்குவம் இருக்கு மாப்பிள்ளை. பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது தடவை இறக்கினது பிரமாதம்."

வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த முதல் மனமார்ந்த பாராட்டு அது. வந்த இடம்தான் சரியில்லை.

"நீங்க?" என்று டாக்டரம்மா ஆராய்ச்சியிடம் கேட்டார். "நீங்களாவது குடிச்சீங்களா?"

"நான் ஆய்வாளர். நடுநிலைமை..."

"முதல் நாள் ஒரு வாய் வெச்சுட்டு, ரொம்பத் திகட்டுதுன்னு வாஷ்பேசின்ல துப்பினாரு டாக்டர்" என்றாள் மனைவி. "நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்."

ஆக, மூவாயிரம் வருடப் பெருமையுள்ள அந்தச் சாற்றை அந்த மாதத்தில் முழுமனதோடு குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் சோதனையிலிருந்து கவனமாக விலக்கி வைக்கப்பட்டவர்.

"நல்லது. இப்பக் காரணம் தெரிஞ்சுபோச்சு. இனிமே ஒரு சொட்டுகூடக் கூடாது. பொட்டாசியம் ஒழுங்கா ஏறினா பிழைச்சுடுவார்" என்றார் டாக்டரம்மா. "இந்தச் சாறு வேற யார்கிட்டயாவது இருக்கா?"

ஆராய்ச்சிக்கு நாற்காலிகள் நினைவுக்கு வந்தன. வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீசா. ஒவ்வொரு சீசாவுக்கும் மாத்திரை சாப்பிடுகிற ஒரு கிழவர் அல்லது கிழவி.

"மச்சான்," என்றார், "வண்டியை எடு."

*

மச்சானுடைய வண்டி பயிற்சி வண்டி. கூரையில் 'எல்' பலகை. பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பிரேக் இருப்பது தெரியாமல் ஆராய்ச்சி பதற்றத்தில் காலை ஊன்ற, ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டி குதிரை மாதிரி நின்றது.

"அத்தான், காலை எடுங்க! நீங்களே நிறுத்திட்டு நீங்களே சீக்கிரம் போங்கறீங்க!"

ஆராய்ச்சி செயலாளருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. செயலாளர் மேடையில் இருந்தார். அவரை மேடையிலிருந்து போன் இறக்கிவிட முடியாது.

"ஏன் மச்சான், ஒருத்தராவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு?"

"குடிக்கலைன்னு."

மச்சான் கியரை மாற்றினான். "சொன்னா விட்டிருப்பீங்களா அத்தான்? ஏன் குடிக்கலைன்னு ஒரு மணி நேரம் பேசியிருப்பீங்க. அதுக்குப் பயந்துதான் எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொன்னோம்."

அதற்குப் பிறகு ஆராய்ச்சி பிரேக்கை மிதிக்கவில்லை.

மண்டபத்தில் ஒரு நாற்காலிகூட காலியில்லை. செயலாளர் ஒலிபெருக்கியில், "மூலிகை உலகின் முடிசூடா மன்னர், ஆராய்ச்சியே மூச்சாகக் கொண்டவர்" என்று அறிமுகத்தைப் பாதி தூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தார். முன்வரிசையில் ஒரு அம்மா சீசாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி மேடைக்குப் போகவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய்ச் சீசாவைப் பிடுங்கினார்.

"என்னப்பா இது, கொடுத்ததைப் பிடுங்கற?"

"குடிக்காதீங்க. யாரும் குடிக்காதீங்க!" என்று மண்டபத்தைப் பார்த்துக் கத்தினார். தொண்டை கட்டிக்கொண்டது. வேறு நாளாக இருந்தால் அதற்கு மருந்து சொல்லியிருப்பார். "இது என் மாமனாரைப் படுக்க வெச்சிருச்சு. அழுத்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஆகாது. இதயத்தையே நிறுத்திடுமாம். தயவுசெஞ்சு திருப்பிக் கொடுங்க."

பிறகு நடந்ததுதான் அவர் எதிர்பார்க்காதது. இலவசமாகக் கிடைத்த எதையும் போல அதுவரை சீசாவை மடியில் அலட்சியமாக வைத்திருந்தவர்கள், இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆளையே சாய்க்குதா?" என்றார் தடியூன்றிய ஒருவர் மரியாதையோடு. "அப்ப உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். நான் சும்மா சர்க்கரைப் பாகுன்னுல்ல நினைச்சேன்."

"அளவாச் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, நான் பார்த்துக்கறேன்" என்று இன்னொருவர் சீசாவைச் சட்டைக்குள் தள்ளினார்.

செயலாளர் ஒலிபெருக்கியில், "அடக்கத்தின் சிகரம்!" என்றார்.

ஆராய்ச்சி நாற்காலி நாற்காலியாகப் போனார். முப்பது வருடம் எல்லாரும் அவரிடம் வந்து கையேந்தி நின்றிருந்தார்கள். இன்று அவர் ஒவ்வொரு மடிக்கும் முன்னால் குனிந்து கையேந்தினார். கெஞ்சினார். ஒருவரிடம் கோபப்பட்டார். ஒரு அம்மாவிடம் வேறு வழியில்லாமல், "நான்கூட இதைக் குடிக்கலைம்மா. வாயில வெச்சதைத் துப்பிட்டேன்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் பலித்தது. "செஞ்சவனே துப்பினதா?" என்று அந்த அம்மா சீசாவைச் செத்த எலியைப் போல நுனியில் பிடித்துக் கொடுத்தார். சேதி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. சீசாக்கள் முன்னால் வந்தன. மச்சான் வண்டிக்கும் மண்டபத்துக்குமாகச் சுமந்தான். சட்டைக்குள் ஒளித்தவரைத் தட்டிப் பார்த்து அதையும் எடுத்தான்.

கடைசி வரிசையில் ஒருவர் சீசாவைக் கொடுத்துவிட்டு, கம்மிய குரலில் கேட்டார்: "எனக்குத் தொண்டைக் கட்டுதான் தொல்லை. இந்த வேரை ஒரு துண்டு வாயில அடக்கிக்கலாமா? எனக்கும் அழுத்த மாத்திரை உண்டு."

மேடையில் சொல்வதற்கு ஆராய்ச்சியிடம் ஒன்றரை மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. அதில் இதற்குப் பதில் எங்கேயாவது இருக்கும். அவர் வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார். "டாக்டரைக் கேட்டுக்கங்க."

மச்சான் கையிலிருந்த சீசா நழுவி விழுந்து உடைந்தது. தன் அத்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவன் கேட்டதேயில்லை.

*

மூன்று நாளில் மாமனார் உட்கார்ந்தார். முகம் வடிந்து பழைய ஒட்டிய கன்னத்துக்குத் திரும்பியது. அதைப் பார்க்க யாருக்கும் களையாகத் தோன்றவில்லை, நிம்மதியாகத் தோன்றியது. ஏற்றுவதை நிறுத்திவிட்டு, வாய்வழியாகக் குடிக்கப் பொட்டாசிய மருந்து கொடுத்தார்கள். அதுவும் பழுப்புச் சீசாவில்தான் இருந்தது.

ஆராய்ச்சி அந்தச் சீசாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பழக்க தோஷம். பெயர்ச்சீட்டின் பொடி எழுத்துகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்: யாருக்கு, எவ்வளவு, யாருக்குக் கூடாது, என்னென்ன ஆகலாம். வரிசை நீளமாகப் போயிற்று. தன் சீட்டில் மூன்றே வரிதான் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தார். பிறகு அளவுக் கோப்பையில் கோடு வரை ஊற்றி மாமனாரிடம் கொடுத்தார்.

மாமனார் ஒரு வாய் வைத்தார். முகம் கசங்கியது. உப்பும் கசப்பும் சேர்ந்து, லாரியின் ரேடியேட்டர் தண்ணீரைவிட மோசமாக இருந்ததாம். ரேடியேட்டர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று எப்படித் தெரியும் என யாரும் கேட்கவில்லை. இனிமேல் அந்த மனிதரைப் பற்றி அவர்கள் எதையும் நம்பத் தயாராக இருந்தார்கள்.

அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். மகனைப் பார்த்தார், மகள்களைப் பார்த்தார், சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஏம்மா," என்றார் கெஞ்சலாக, "உங்க சீசாவையெல்லாம் நான் வாங்கிக்கிட்டேன்ல? இதுல ஆளுக்கொரு வாய் எடுத்துக்கங்களேன்."

மச்சான் கூரையைப் பார்த்தான். சகலை மின்விசிறியைப் பார்த்தார்.

ஆராய்ச்சி நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடிங்க மாமா. இது உங்களுக்கு மட்டும்தான்" என்றார். "நீங்க முழுங்கறதை என் கண்ணால பார்க்காம நான் நகர மாட்டேன்."